அமைதியான நாளில் எடுத்த அளவு

சிஸ்டம் அந்தப் புரோகிராமை நிறுத்திவிட்டது என்று திரையில் எழுதியிருக்கிறது. எங்கள் மேனேஜர் நந்தகோபால் எழுதிய வாக்கியம், அவனே வாசிக்கிறான். கையில் இருக்கும் லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளி ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டு போகிறது, சிஸ்டம் என்ற சொல்லின் மேல் வந்ததும் கொஞ்சம் நின்று நடுங்குகிறது, பிறகு நகர்கிறது. சிஸ்டம். நாக்கு தானாகப் பின்பக்கம் போகிறது, கடைவாய்ப்பல் இருந்த குழிக்கு. தையல் நூல் நுனி முள் மாதிரி நிற்கிறது. அதைத் தொடாதீங்க என்று பல் டாக்டர் சொன்னார், அதிகம் பேசாதீங்க என்றும் சொன்னார், ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு இன்றுதான் ஆபீஸ் வந்திருக்கிறேன், வந்ததும் இந்த மீட்டிங். ஏ.சி. என் தலைக்கு நேராக ஊதுகிறது. சுவரில் இன்னொரு திரையில் பெங்களூரிலிருந்து சுமித்ரா மேடம், கம்பெனியின் இயக்குநர், கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அல்லது வேறு எதையோ வாசித்துக்கொண்டிருக்கிறார், கண்கள் இடமும் வலமும் போய் வருவது தெரிகிறது. எனக்கு எதிரே தமீம். அன்றைக்கு ஷிஃப்டில் இருந்தவர். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறார், போடுகிறார், மறுபடி கழற்றுகிறார். நிறுத்திவிட்டது. நிறுத்தியது யார் என்று கேட்டால் சிஸ்டம். ஏன் நிறுத்தியது என்று கேட்டால் மெமரி போதவில்லை. ஏன் போதவில்லை என்று இந்த அறையில் யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் நான்கு பேருக்கும் பதில் தெரியும். தெரியாத ஒன்றை மறைப்பதில் ஒரு மரியாதையாவது உண்டு. எல்லோருக்கும் தெரிந்ததை நடுவில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வாக்கியம் கட்டுகிறார்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது.

புரோகிராம்களுக்கு நடுவே வேலியைக் கட்டியது நான். அதை நினைக்கும்போதுதான் காதுக்குள் சூடு ஏறுகிறது. ஒரே மெஷின், அதில் பல புரோகிராம்கள். ஒன்றுக்குப் பைத்தியம் பிடித்து மெமரியை எல்லாம் விழுங்கினால் மற்றவை பட்டினி. அதனால்தான் புரோகிராம்களைக் குழு குழுவாகப் பிரித்து, இந்தக் குழுவுக்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு பிராசஸர் என்று வரம்பு போடும் வசதி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கண்ட்ரோல் குரூப். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, உள்ளே போனால் ஒரு ஃபோல்டர், ஃபோல்டருக்குள் சில ஃபைல்கள், ஃபைலுக்குள் ஒரு எண். அவ்வளவுதான். அந்த எண்ணை மாற்றினால் அந்த நொடியிலிருந்து சட்டம் மாறிவிடும். முதன்முதலில் அதைப் படித்தபோது எனக்குப் பிடித்திருந்தது, என்ன ஒரு நேர்மை என்று தோன்றியது, குழந்தையாகப் பிறக்கும் புரோகிராம்கூடத் தாய் எந்தக் குழுவோ அந்தக் குழுவில்தான் பிறக்கும், தப்பித்து வெளியே ஓட முடியாது. கடல் காற்று எச்சரிக்கை சொல்லும் புரோகிராமை ஒரு குழுவில் வைத்தேன், மெஷினில் என்ன நெருக்கடி வந்தாலும் இதன் பங்கைப் பிடுங்கக் கூடாது என்று எழுதினேன். படம் காட்டும் புரோகிராமை, அந்த வண்ண வண்ண வரைபடத்தை, இன்னொரு குழுவில் போட்டு அதற்குத்தான் வரம்பு வைத்தேன். படம் மெதுவாக வந்தால் யாரும் சாகமாட்டார்கள். நந்தகோபால் என்ன செய்தான், என் வேலியைப் பிடுங்கி இடம் மாற்றி நட்டான். வெளியூரிலிருந்து முதலீடு செய்கிறவர்கள் வருகிறார்கள், படம் சிக்காமல் ஓட வேண்டும், சுழன்று சுழன்று கடற்கரை தெரிய வேண்டும். அவன் எச்சரிக்கைப் புரோகிராமின் கிராஃபைத் திறந்து பார்த்தான். வாரக்கணக்கில் ஒரே கோடு, தரையோடு தரையாக. இது முன்னூறு எம்.பி.கூடத் தொடறதில்ல ஆக்னஸ், இதுக்கு எதுக்கு இவ்வளவு ஒதுக்கி வச்சிருக்கீங்க என்றான். சார், அது சும்மா இருக்கிற நாள்ல அப்படித்தான் இருக்கும், காத்து வந்தா மொத்தக் கரையோட நம்பரையும் ஒரே நேரத்துல ஏத்தும், பத்து மடங்கு வீங்கும் என்றேன். பாத்துக்கலாம் என்றான். ஐநூற்றுப் பன்னிரண்டு எம்.பி. என்று எழுதினான். அவன்தான் எழுதினான், அவன் விரல், அவன் கீபோர்டு, நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன், அவன் சட்டைக் காலரில் சலவைக்காரர் போட்ட குறிகூடத் தெரிந்தது. சிஸ்டமா எழுதியது. அமைதியான நாளில் அளவெடுத்துச் சட்டை தைக்கிற மாதிரி, மூச்சு வாங்காத நேரத்தில் மார்பை அளந்துவிட்டு, இவ்வளவுதான் உனக்கு, இதற்கு மேல் மூச்சு விட்டால் நீ செத்தாய் என்று.

சுமித்ரா மேடம் ஏதோ கேட்கிறார். "பாதிக்கப்பட்ட பயனாளர்கள் எத்தனைன்னு சொன்னீங்க?" என்கிறார். நந்தகோபால் அடுத்த பக்கத்துக்குப் போகிறான். பயனாளர்கள். அவர்களைப் பயனாளர்கள் ஆக்கியது நான். தோமையார்துறை கோயில் முற்றத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த வெயிலில், பாதர் மைக்கை என் கையில் கொடுத்தார். வலை ஈரமும் மெழுகுவர்த்தியும் கலந்த வாசனை. நான் மார்த்தாண்டத்துக்காரி, கடலுக்கும் எனக்கும் பஸ் தூரம், ஆனாலும் பேச்சு அவர்களுக்கு அந்நியம் இல்லை. உங்க போன் நம்பரக் குடுங்க, காத்து பெலமா வரும்னு தெரிஞ்சா, நீங்க வள்ளம் எறக்குறதுக்கு முன்னால நாங்க விளிப்போம், காசு ஒண்ணும் வேண்டாம் என்றேன். முன் வரிசையில் ஒரு ஆள், கையைக் கட்டிக்கொண்டு, எழுந்து கேட்டான். "விளிக்கலன்னா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "விளிக்கலன்னா காத்து இல்லன்னு அர்த்தம், தைரியமா போலாம்" என்றேன். அப்படித்தான் சொன்னேன். அப்படித்தான் அந்தப் புரோகிராம் செய்யப்பட்டிருந்தது, அப்படித்தான் அது ஓடியது, அதற்கு முந்தைய மழைக்காலம் முழுக்க ஒரு முறைகூடத் தவறவில்லை. குரல் பதிவு செய்ய ஆள் வைக்கக் கம்பெனி மறுத்தபோது நானே பேசினேன், இதே அறையில், ஏ.சி.யை நிறுத்திவிட்டு, கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டு. இன்று மாலை முதல் காற்று பலமாக இருக்கும், கடலுக்குப் போக வேண்டாம். என் குரல்தான் அந்தக் கரையில் வீடு வீடாக விளித்துக்கொண்டிருந்தது. சில கிழவிகள் அதற்குப் பதில் சொல்வார்களாம், சரி மக்களே, போவல்ல, நீ போன வச்சிரு என்று. இதை பாதர் சொல்லிச் சிரித்தார். விளி வந்தால் போகாதே. விளி வராவிட்டால் போ. வராததையும் ஒரு செய்தியாக நான்தானே அவர்களுக்குப் பழக்கினேன். அந்த ஆள், கையைக் கட்டிக்கொண்டு எழுந்தவன், அவன் யாராக இருக்கும். கடலில் போனவன் அவனாக இருக்காது. முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவனாக இருக்கக் கூடாது.

அன்றைக்கு மதியம் நான் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். பல்லை ஆட்டி ஆட்டி எடுக்கும்போது வலிக்கவில்லை, எலும்புக்குள் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அதே நேரத்தில்தான் காற்றின் கணக்கு, அன்றைய முன்னறிவிப்பு, வந்திருக்கிறது. புரோகிராம் விழித்திருக்கிறது. கரை முழுக்க இருக்கிற நம்பர்களை ஏற்றத் தொடங்கியிருக்கிறது, வீங்கியிருக்கிறது, வேலியில் முட்டியிருக்கிறது, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் அதைக் கொன்றிருக்கிறது. மெஷினில் அறுபத்து நான்கு ஜி.பி. மெமரி, அதில் பாதிக்கு மேல் சும்மா கிடந்தது. சும்மா. யாருக்கும் பயன்படாமல். பக்கத்து அறை காலியாக இருக்கும்போது ஒரு அறைக்குள் மூச்சு முட்டிச் செத்த மாதிரி. செத்தால் உடனே மறுபடி எழுப்பிவிடச் சொல்லி ஏற்பாடு இருக்கிறது, அதுவும் நல்லதுக்குத்தான் வைத்தது, எழுந்திருக்கிறது, முதலிலிருந்து ஏற்றத் தொடங்கியிருக்கிறது, வீங்கி, முட்டி, மறுபடி செத்து, மறுபடி எழுந்து. மாலை வரை அப்படி. ஒவ்வொரு முறையும் ஒரு விளிகூட வெளியே போவதற்கு முன்னால். கண்காணிப்புத் திரை நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும், அப்போதெல்லாம் அது எழுந்து நின்றிருக்கும், இருக்கிறேன் என்று சொல்லியிருக்கும், பச்சை விளக்கு. தமீம் அந்தப் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு எதைப் பார்ப்பார். சிவப்பாக எரிய வேண்டிய விளக்கு ஒன்றுக்காக நான் எழுதிக் கேட்டிருந்தேன், இத்தனை முறை செத்து எழுந்தால் கத்து என்று, அதற்கு அடுத்த காலாண்டில் பார்ப்போம் என்று பதில். கீழே, அதே நேரத்தில், முதலீட்டுக்காரர்களுக்கு முன்னால் வரைபடம் வழுக்கிக்கொண்டு சுழன்றிருக்கிறது. கைதட்டினார்களாம். கேக் வெட்டினார்களாம். மீதி கேக் இன்னும் பேண்ட்ரி ஃபிரிட்ஜில் இருக்கிறது, காலையில் பார்த்தேன், க்ரீம் காய்ந்து வெடித்துப்போய்.

கோபம் வந்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். இது ஒரு சாபம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அம்மா அடித்தால் அழமாட்டேன், அநியாயமாகப் பேசினால் கண் நிறைந்துவிடும், உடனே எதிராளி குரலைத் தணித்து சரி சரி என்பார்கள், நான் சொல்ல வந்தது அங்கேயே செத்துப்போகும். இப்போதும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நந்தகோபால் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்துவான். ஆக்னஸ், நாம இதப் பர்சனலா எடுத்துக்க வேண்டாம் என்பான். பல் குழியை நாக்கால் அழுத்துகிறேன், வலி சுரீரென்று காது வரை போகிறது, கண் காய்கிறது. விமலா அழவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "எக்கா, நீங்க அந்தக் காத்து விளிக்குற கம்பெனியிலதான வேல?" என்றாள். ஆமாம் என்றேன், வாய் வீங்கியிருந்ததால் குழறியது. "நான் தோமையார்துறையில விமலா. சூசைமிக்கேலுக்க தங்கச்சி. கோயில்ல நீங்க நம்பர் தந்தீங்கல்லா, அதப் பாத்து விளிச்சேன்" என்றாள். சூசைமிக்கேல் யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. அவளே சொன்னாள், ஒரு காரியத்தை ஒப்பிக்கிற மாதிரி நிதானமாக. மூன்று பேர் போன வள்ளம். கவிழ்ந்தது. இரண்டு பேரைப் பக்கத்துத் துறை வள்ளம் தூக்கிவிட்டது. அண்ணன் பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தானாம், இருட்டும்வரை குரல் கேட்டதாம், பிறகு கேட்கவில்லையாம். "எறங்குறதுக்கு முன்னால போன கையில வச்சிட்டுத்தான் நின்னான் எக்கா. மழக்காரு பாத்து அம்ம வேண்டாம்னு சொன்னா. விளி ஒண்ணும் வரல்லியேன்னான். காத்து உண்டுன்னா அவிய விளிச்சிருப்பாவன்னு சொல்லிட்டு எறங்கினான்." பின்னால் யாரோ ஜெபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. "ஏன் விளிக்கல்ல எக்கா? சண்ட போட விளிக்கல்ல. தெரிஞ்சுக்கிடணும், அவ்வளவுதான்." மிக மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் கத்தியிருக்க வேண்டும். அவள் கத்தாததை எல்லாம் என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள், அன்றிலிருந்து அது என் நெஞ்சுக்குள் நின்றுகொண்டு கத்திக்கொண்டிருக்கிறது.

"அடுத்து, மூல காரணம்" என்கிறான் நந்தகோபால். பக்கம் மாறுகிறது. மனிதத் தவறு. தேவையான பயிற்சி இல்லாத ஒப்பந்த ஊழியர், சேவை தொடர்ந்து மீண்டும் தொடங்குவதைக் கவனிக்கத் தவறினார். சிவப்புப் புள்ளி இந்த முறை நடுங்கவில்லை. ஓ, மனிதன் வந்துவிட்டான். இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் சிஸ்டம் செய்துகொண்டிருந்தது, இப்போதுதான் முதல் முறையாக ஒரு மனிதன் உள்ளே வருகிறான், தப்பு செய்வதற்காகவே வருகிறான். தமீமைப் பார்க்கிறேன். என் கண்ணை அவர் பார்க்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பார்க்கிறார். "தமீம், உங்களுக்கு இதுல ஏதாவது சொல்லணுமா?" என்று சுமித்ரா மேடம் கேட்கிறார், நல்லவிதமாகத்தான் கேட்கிறார், அவர் எல்லாவற்றையும் நல்லவிதமாகக் கேட்பவர். "இல்ல மேடம். ஒத்துக்கறேன்" என்கிறார் தமீம். ஒத்துக்கொள்கிறாராம். எனக்கு மேஜையை உதைக்க வேண்டும் போல இருக்கிறது. பேரம் முடிந்துவிட்டது, நான் காய்ச்சலில் கிடந்தபோதே முடிந்திருக்கிறது, ஒப்பந்தத்தை நீட்டிக்கிறோம், நீங்கள் தலையைக் கொடுங்கள் என்று. அவருக்கு ரெண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு. புரிகிறது. புரிந்தால் என்ன, புரிகிறதால் இன்னும் எரிகிறது. இவர் ஒத்துக்கொண்டால் நான் யாருக்காகப் பேசுவது. வாயைத் திறந்தால் இவருடைய வேலையைக் கெடுப்பேன், திறக்காவிட்டால் தோமையார்துறையில் ஒரு பெண் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நன்றாகக் கட்டியிருக்கிறான் நந்தகோபால். இதுவும் ஒரு வேலிதான், எந்தப் பக்கம் வீங்கினாலும் முட்டும். "நிவாரண நடவடிக்கை முடிஞ்சுது" என்று வாசிக்கிறான். "ரிப்போர்ட் இறுதியாகுற வரைக்கும் மெஷின்ல யாரும் எந்த மாத்தமும் செய்யக் கூடாதுன்னு உத்தரவும் போட்டாச்சு." நிவாரணம் என்றால் என்ன செய்தான். காலையில் வந்த மெயிலிலும் இதே சொல்தான் இருந்தது. எண்ணைத் திருத்திவிட்டான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது. ஒரு ஆள் போய்விட்டான், முதல் வேலையாக அதைத்தானே செய்திருப்பார்கள், அதைச் செய்யாமல் யாராவது இருப்பார்களா.

லேப்டாப்பைத் திறக்கிறேன். எனக்கு மெஷினுக்குள் போகும் அனுமதி இன்னும் இருக்கிறது, பிடுங்க மறந்திருக்கிறார்கள். அந்த ஃபோல்டருக்குப் போகிறேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன். எச்சரிக்கைக் குழு. மெமரி வரம்பு. ஃபைலைத் திறந்தால் ஒரே ஒரு எண். அதே எண். ஐநூற்றுப் பன்னிரண்டு. மறுபடி திறந்து பார்க்கிறேன், தவறான மெஷினோ என்று மெஷினின் பெயரைப் பார்க்கிறேன். அதே மெஷின், அதே எண். புரோகிராமை ஒரு முறை அணைத்துப் போட்டிருக்கிறான், அதுதான் நிவாரணம். ஒரு வாரம். ஒரு வாரமாக இந்த அறையில் உட்கார்ந்து எந்த வார்த்தைக்குப் பக்கத்தில் எந்த வார்த்தையை வைப்பது என்று பேசியிருக்கிறார்கள், ஒருவர்கூட எழுந்து போய் அந்த எண்ணை மாற்றவில்லை. கோபம் இதுவரை சூடாக இருந்தது, இப்போது திடீரென்று குளிர்கிறது, முதுகுத்தண்டில் இறங்குகிறது. காலையில் பஸ்ஸில் வரும்போது போனில் பார்த்தேனே, குமரிக் கடலில் இன்று மறுபடி ஒரு தாழ்வு நிலை. இன்று. காற்றின் கணக்கு மதியம் மூன்று மணிக்கு வரும். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. மறுபடி விழிக்கும், வீங்கும், முட்டும், சாகும், பச்சை எரியும். அங்கே வள்ளத்தில் கை வைத்துக்கொண்டு எவனோ ஒருவன் போனைப் பார்ப்பான், அம்மாவிடம் சொல்வான்.

"சார், அந்த லிமிட்ட நீங்க இன்னும் மாத்தல" என்கிறேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்கிறது. நந்தகோபால் புன்னகை செய்கிறான். "ஆக்னஸ், அது ரிப்போர்ட் முடிஞ்சப்புறம் முறைப்படி பண்ணலாம். இப்போ தொட்டா ஆதாரத்தக் கலைச்ச மாதிரி ஆயிடும்." "இன்னைக்குக் காத்து இருக்கு சார்." "அது உறுதியாகல." "மூணு மணிக்கு உறுதியாகும். உறுதியானதும் இது சாகும்." சுமித்ரா மேடம் இப்போதுதான் திரையில் நிமிர்கிறார். "என்ன லிமிட்?" என்கிறார். பாவம், நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாரோ, நான்கு பேருக்கும் தெரியும் என்று நான் நினைத்தது தப்போ, இல்லை, வரைபடத்துக்கு எங்கிருந்து மெமரி வந்தது என்று அன்றைக்கு அவரிடமும் சொல்லித்தான் செய்தார்கள், மறக்கும் வசதியும் ஒரு பதவிதான். நான் சொல்கிறேன். தமீமைப் பார்க்காமல் சொல்கிறேன். அந்த வரம்பு எதற்காகப் போடப்பட்டது, யார் போட்டது, நான் எங்கே நின்றிருந்தேன், என்ன சொன்னேன், நந்தகோபால் என்ன சொன்னான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வரட்டும், துடைக்கவில்லை, அது வழிந்து தாடைக்கு வரும்போதும் பேசிக்கொண்டே இருக்கிறேன். தண்ணீர் பாட்டில் என் பக்கம் நகர்கிறது. அதைத் தள்ளி வைக்கிறேன். "நான் அழல சார். எனக்குக் கோபம் வந்தா இப்படி ஆகும். நீங்க கேளுங்க." தையல் இழுக்கிறது, உப்பாக ஏதோ நாக்கில் படுகிறது, இரத்தமாக இருக்கலாம். "இது ஒழுங்கு மீறல், தெரியுதா உங்களுக்கு? அந்த லேப்டாப்ப மூடுங்க" என்கிறான் நந்தகோபால், இப்போது புன்னகை இல்லை. மூடவில்லை. பழைய எண்ணின் மேல் புதிய எண்ணை எழுதுகிறேன். மெஷினில் நெருக்கடி வந்தாலும் இதன் பங்கைத் தொடாதே என்று அடுத்த ஃபைலில் எழுதுகிறேன். புரோகிராமை அணைத்து எழுப்பினாலும் இது நிற்கும்படி செட்டிங்கிலும் எழுதுகிறேன். வரைபடத்தின் குழுவுக்குப் போய் அதற்குப் பழைய வரம்பை வைக்கிறேன். இரண்டு முறை தப்பாக அடித்து அழித்து அடிக்கிறேன். இவ்வளவுதான் வேலை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை. இதற்காகவா ஒரு வாரம், இதற்காகவா ஒரு ஆள். சுவர்த்திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த வரைபடம் சிக்கிச் சிக்கி நின்றுபோகிறது, பாதிக் கடற்கரையோடு. "யார் அனுமதி கொடுத்தது?" என்கிறார் சுமித்ரா மேடம். "யாரும் இல்ல மேடம்" என்கிறேன்.

பேட்ஜைக் கேட்டார்கள், கொடுத்தேன். லேப்டாப்பை மேஜையிலேயே விட்டுவிட்டேன். செக்யூரிட்டி அண்ணன் என்னோடு லிஃப்ட் வரை வந்தார், ஏன் வருகிறார் என்று அவருக்கே தெரியவில்லை, சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டார். கீழே வாசலில் வெயில் முகத்தில் அறைந்தது. ரோட்டில் தண்ணீர் லாரிகள், ஹார்ன், தோண்டிப்போட்ட மண். எல்லாவற்றையும் சொன்னால் கோபம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன், இறங்கவில்லை, கால் மாற்றி நிற்கிறது, அவ்வளவுதான். இப்போது என்ன செய்வார்கள். நந்தகோபால் முதலில் செய்யப்போவது என்ன என்று எனக்குத் தெரியாதா. மீட்டிங் அறையிலிருந்து அவன் சீட்டுக்கு இருபதடி. வரைபடம் நின்றுபோனது அவன் கண்முன்னால்தான். பழைய எண்ணை எழுத அவனுக்கு ஒரு நிமிஷம் போதும். இல்லை, அவன் தன் கையால் எழுதமாட்டான், இனிமேல் எழுதமாட்டான், இவ்வளவு பேசியதற்குப் பிறகு தன் விரலை அங்கே வைக்கமாட்டான், வேறு ஒருத்தர் விரலைத் தேடுவான். அங்கே இருக்கிறது ஒரே ஒரு விரல்தான். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட விரல். நான் அதை யோசிக்காமல் கீழே இறங்கி வந்துவிட்டேனே, கதவை மறித்துக்கொண்டு மூன்று மணி வரை அங்கேயே நின்றிருக்க வேண்டாமா. திரும்பி நடந்தேன். கண்ணாடிக் கதவு பேட்ஜ் இல்லாமல் திறக்காது. கையால் தட்டினேன். செக்யூரிட்டி அண்ணன் உள்ளேயிருந்து கையை விரித்தார். விமலாவுக்கு போன் செய்து, வள்ளம் இறக்க வேண்டாம் என்று துறை முழுக்கச் சொல்லச் சொல்லலாம், ஒரு துறைக்குச் சொல்லலாம், மற்ற துறைகளுக்கு யார் சொல்வது. பாதருக்குச் சொல்லலாம். போனை எடுத்தேன், சார்ஜ் இருந்தது, விரல் வழுக்கியது. கதவு திறந்தது. தமீம். படியில் இறங்கி வந்திருக்கிறார் போலிருக்கிறது, லிஃப்டுக்குக் காத்திருக்காமல், மூச்சு வாங்கியது.

"தமீம், அந்த எண்ண மாத்தச் சொல்லுவாரு" என்றேன். "சொன்னாரு" என்றார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல வந்தது. "நான் கையெழுத்துப் போட்டுட்டேன் ஆக்னஸ். அந்த ரிப்போர்ட்ல. போன வியாழக்கிழமையே போட்டாச்சு. அத இனிமே நீங்க மாத்த முடியாது, மாத்தவும் வேணாம், நான் பாத்துக்கறேன். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். "அதக் கேக்கல. எண்ணு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். "என் சீட்டுக்கு வந்து நின்னாரு. பழையபடி ஆக்கு தமீம்னாரு. எனக்கு அதெல்லாம் தெரியாது சார்னேன்." "ஏன், உங்களுக்குத்தான் தெரியுமே. நான்தானே சொல்லிக் கொடுத்தேன்." "தெரியும்." ஒரு தண்ணீர் லாரி போகும்வரை நின்றார், தூசிக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "பயிற்சி இல்லாத ஆளுன்னு நீங்கதானே சார் எழுதினீங்க, நானும் கையெழுத்துப் போட்டிருக்கேனேன்னு சொன்னேன். வேற யாரையாவது வச்சு செஞ்சுக்குங்கன்னேன். வேற யாரும் இல்ல. அவரே உக்காந்தாரு. கீபோர்டுல கைய வச்சாரு. ரொம்ப நேரம் வச்சிருந்தாரு. அப்புறம் எடுத்துட்டாரு." மூன்று மணி ஆகிவிட்டதா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் சொன்னார், இதுவரை நான் அவரிடம் கேட்டிராத ஒரு குரலில், யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி. "விளி போய்க்கிட்டிருக்கு. நான் பச்ச விளக்கப் பாக்கல இன்னைக்கு. ஒவ்வொண்ணா போறதப் பாத்துட்டுத்தான் வந்தேன்."